பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளின் மனநலம்: முதல் மூன்று மாதத்தில் என்ன செய்வது?

#1 நூல்முனை

பள்ளியைப் பாதியில் விட்ட 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலர்களுக்கு ஒரு சிறு கையேடு தயாராகிறது. திரும்பச் சேர்வது, தனித்தேர்வு, தொழிற்பயிற்சி பற்றிய பகுதிகள் முடிந்துவிட்டன. மனநலம் பற்றிய பகுதி மட்டும் நாலு வரியில் நிற்கிறது. அந்த நாலு வரியும் "ஊக்கப்படுத்துங்கள், நம்பிக்கை கொடுங்கள்" ரகம். அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

தன்னார்வலர் மருத்துவர் இல்லை. வாரம் ஒரு சந்திப்பு, ஒரு மணி நேரம், மூன்று மாதம். அதற்குள் எதைப் பார்க்க வேண்டும், எந்த வார்த்தையில் கேட்க வேண்டும், எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்? துறையில் இருப்பவர்கள் விவரமாக எழுதினால் கையேட்டில் சேர்த்துக்கொள்கிறோம்.

#2 வழித்துணை

எது பறிபோயிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். படிப்பு போனது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கூடவே போனவை தெரிவதில்லை.

மரீ யஹோடா என்ற சமூக உளவியலாளர் வேலையிழந்தவர்களைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும். சம்பளத்தைத் தவிர, வேலை ஐந்து விஷயங்களைச் சத்தமில்லாமல் தருகிறது என்றார்: நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு, "நான் இன்னார்" என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம், செய்தே ஆக வேண்டிய ஒரு காரியம். பள்ளியும் இந்த ஐந்தையும் தருகிறது. பிடிக்காத பள்ளியும் தருகிறது. விட்ட மறுநாள் ஐந்தும் ஒரே சமயத்தில் அறுந்துவிடுகின்றன.

1930களின் தொடக்கத்தில், வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்ட பிறகு, யஹோடாவும் சகாக்களும் அங்கே ஆய்வு செய்தார்கள். நேரம் மலைபோலக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்தார்கள். ஆண்களின் நடைவேகம்கூடத் தளர்ந்திருந்தது. "சும்மாதானே இருக்கிறான், உட்கார்ந்து படித்தால் என்ன?" என்று கேட்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள். காரியம் இல்லாத நேரம் கையில் குவியக் குவிய, ஒன்றைத் தொடங்கும் தெம்பு குறைந்துகொண்டே போகும்.

ஆகவே முதல் சந்திப்பில் "ஏன் விட்டாய்?" வேண்டாம். பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்டிருப்பார்கள். வாயில் ஒரு பதில் தயாராக இருக்கும், அதில் உண்மை கொஞ்சம்தான் இருக்கும். நேற்றைய நாளைக் கேளுங்கள். "நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க? அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று தொடங்கி, தூங்கப் போன நேரம் வரை. நடுவில் கருத்து எதுவும் சொல்லக் கூடாது. இருபது நிமிடம் போதும். முடிந்ததும், ஐந்தில் எது அடியோடு காலி, எதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். மிச்சம் இருப்பதுதான் பிடிமானம். தினமும் மாலை ஒரு நண்பனைப் பார்க்கிறான் என்றால், எந்தத் திட்டமும் அந்த மாலை நேரத்தை ஒட்டியே அமையட்டும்.

இன்னொன்று. முதல் நாள் "நீங்க" என்றே பேசுங்கள். "நீ"யும் "டா"வும் வகுப்பறையில் வசவோடு சேர்ந்தே விழுந்த காதுகள் அவை. அவர்களே "நீன்னே கூப்பிடுங்க" என்று சொல்லும் நாள் வரும்.

#3 ஏழாம்படி

வழித்துணை சொல்றது சரி. ஆனா காரணத்தை ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது. முதல் நாள் கேட்க வேண்டாம், மூணாவது சந்திப்புக்குள்ள உங்களுக்குப் புரிஞ்சிருக்கணும்.

வேலைக்கு உதவுற பிரிவு மூணு. தள்ளப்பட்டவங்க: தோல்வி, தண்டனை, கேலி, அடி, வெளியேற்றம். இழுக்கப்பட்டவங்க: வீட்டு வருமானம், நோயாளியைப் பார்த்துக்கிறது, கல்யாணம், கர்ப்பம். நழுவினவங்க: யாரும் தள்ளல, யாரும் இழுக்கல, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய், அப்புறம் வாரம் விட்டு வாரம் போய், கடைசியில போகாமலே நின்னவங்க.

மனசு மூணு பேருக்கும் வேற வேற. தள்ளப்பட்டவங்ககிட்ட அவமானமும் கோபமும் இருக்கும், பெரியவங்க யாரையும் நம்ப மாட்டாங்க. இழுக்கப்பட்டவங்க பெரும்பாலும் களைச்சுப்போயிருப்பாங்க, "என் ஆசையைப் பத்திப் பேச எனக்கு உரிமை இல்ல"ங்கிற குற்ற உணர்ச்சி வேற. அவங்ககிட்ட உணர்வு பத்தி மட்டும் பேசினா பயன் இல்ல, சுமையைக் குறைக்க வழி பார்க்கணும். நழுவினவங்கதான் கண்ணுக்குப் படாதவங்க. எதைக் கேட்டாலும் "தெரியல"ன்னு பதில் வரும். மனச்சோர்வு இருக்கான்னு அவங்ககிட்ட முதல்ல பாருங்க.

காலக்கணக்கும் முக்கியம். கனடாவுல வெரோனிக் துபெரே குழு 2018-ல வெளியிட்ட ஆய்வுல, விடுறதுக்கு முந்தின மூணு மாசத்துல மனச்சோர்வு கடுமையா இருந்தவங்களுக்கு இடைநிற்கும் வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு. "பள்ளியை விட்டதால சோர்ந்துட்டான்"னு நாம நினைக்கிற சில பேர், சோர்ந்ததாலதான் விட்டிருக்காங்க. அவங்களை அப்படியே திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தா மறுபடியும் நிற்பாங்க.

#4 இரவுப்பணி

அளவிடுவது பற்றி.

தன்னார்வலர் கையில் கொடுக்கத் தகுந்தது உலக சுகாதார நிறுவனத்தின் நல்வாழ்வுக் குறியீடு, டபிள்யூ.எச்.ஓ-5. கடந்த 2 வாரத்தைப் பற்றி 5 கேள்விகள்: மகிழ்ச்சியாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, எழுந்தபோது புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாடத்தில் ஆர்வமான விஷயங்கள் இருந்தனவா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண். 50 அல்லது அதற்குக் கீழே என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். கேள்விகள் எல்லாம் நல்லதைப் பற்றியே இருப்பதால், பரிசோதிக்கப்படுகிறோம் என்ற கூச்சம் பிள்ளைகளுக்குக் குறைவு.

அடுத்தது மனச்சோர்வை அளவிடும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள், பதின்வயதினருக்கு அதன் பி.எச்.க்யூ-ஏ வடிவம். 9 கேள்விகள், 0 முதல் 27. 10-ஐத் தொட்டால் மருத்துவரோ பயிற்சி பெற்ற ஆலோசகரோ பார்க்க வேண்டும். 20-ம் அதற்கு மேலும் கடுமையானது, காத்திருக்கக் கூடாது. ஒன்பதாவது கேள்வி செத்துப்போவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியது. மொத்தம் 4 வந்தாலும், ஒன்பதாவதில் 0 தவிர எது வந்தாலும் அன்றே பேச வேண்டும். பேசத் தெரிந்தவர் அருகில் இல்லாதபோது இந்தத் தாளைக் கொடுக்காதீர்கள். நிரப்பி வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு அடுத்த வாரம் பார்ப்பது, இந்த வேலையில் நடக்கக்கூடிய மிக மோசமான பிழை.

வழக்கமாகத் தவறுகிற இடங்கள்: தாளை முதல் நாளே நீட்டுவது. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையிடம் எழுதச் சொல்வது. அவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வாசித்துக் காட்டிக் கேளுங்கள். அம்மா அப்பா அறையில் இருக்கும்போது கேட்பது. மூன்றையும் தவிர்க்காவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

பதின்வயதில் மனச்சோர்வு அழுமூஞ்சியாகத்தான் வரும் என்றில்லை. எரிச்சலாக வரும். கதவைச் சாத்துவது, தம்பி தங்கையிடம் சீறுவது, எதிலும் பிடிப்பில்லாமை, தலைவலி, வயிற்றுவலி. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் இப்படி இருந்தால் அதைத் "திமிர்" என்று எழுதி வைக்க வேண்டாம். உடலையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தசோகை, தைராய்டு, போதைப்பொருள் மூன்றும் சோர்வைப் போலவே வேடம் போடும்.

#5 நூல்முனை

தன்னார்வலர்கள் அதிகம் பயப்படுவது அந்த ஒன்பதாவது கேள்விக்குத்தான். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்கிறார்கள். என்ன வார்த்தையில் கேட்பது?

#6 இரவுப்பணி

விதைக்காது. இதைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்திருக்கிறார்கள்; கேட்பதால் எண்ணம் கூடுவதாகத் தெரியவில்லை, பலருக்குப் பாரம் இறங்குகிறது.

வார்த்தை நேராக இருக்க வேண்டும். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நீங்களே வாயில் வைத்துவிட்டீர்கள். இப்படிக் கேளுங்கள்: "இவ்வளவு கஷ்டத்துல இருக்கிற சில பேருக்குச் செத்துப்போயிடலாம்னு தோணும். உங்களுக்குத் தோணியிருக்கா?" ஆம் என்றால் ஒவ்வொன்றாக: உயிரை விட்டுவிடணும்னு யோசிச்சிருக்கீங்களா, எப்படின்னு யோசிச்சீங்களா, அதுக்கு ஏதாவது தயார் பண்ணியிருக்கீங்களா, முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கீங்களா. திட்டமோ தயாரிப்போ இருந்தால், அல்லது அண்மையில் முயன்றிருந்தால், தனியே விடக் கூடாது. ஒரு பெரியவர் கூடவே இருந்து அன்றே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும்.

எண்ணம் மட்டும் இருந்தால், ஸ்டான்லி, பிரவுன் என்ற உளவியலாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டம் ஒரே பக்கத்தில் எழுதலாம். ஆறு படி: எண்ணம் வரப்போவதற்கு முன் தெரியும் அறிகுறி, தனியாக இருக்கும்போது மனதைத் திருப்பும் செயல், மனதைத் திருப்ப உதவும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர் எண்ணும் அவசர உதவி எண்களும், வீட்டில் ஆபத்தான பொருள்களைக் கைக்கெட்டாமல் வைப்பது. அந்தப் பிள்ளையின் சொற்களிலேயே எழுதுங்கள். ஆறாவது படிக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மருந்துகளையும் நச்சுப் பொருள்களையும் பூட்டி வைப்பது அவர் வேலை. திட்டம் எழுதிவிட்டதால் அனுப்பிவைப்பதைத் தள்ளக் கூடாது, சில நாட்களுக்குள் மனநல மருத்துவரோ ஆலோசகரோ பார்த்திருக்க வேண்டும்.

ரகசியம் பற்றி முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "நீங்க சொல்றது என்னோட இருக்கும். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, உங்களை யாராவது துன்புறுத்துறாங்கன்னா மட்டும் உங்ககிட்ட சொல்லிட்டு இன்னொருத்தரைச் சேர்ப்பேன்." பிறகு சொன்னால் துரோகமாகப் படும்.

#7 எழுத்தாணி

சிறப்புக் கல்விப் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. தள்ளப்பட்டவர்கள், நழுவியவர்கள் பட்டியலில் கண்டுபிடிக்கப்படாத கற்றல் குறைபாடு ஒளிந்திருக்கும். முதலில் கண், காது. கரும்பலகை தெரியாமலே ஆண்டுக்கணக்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்த பிள்ளைக்கு உளவியல் ஆலோசனை கொடுத்து என்ன பயன்?

அடுத்து ஓர் எளிய ஒப்பீடு. ஒரு பக்கப் பகுதி ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டி ஐந்து கேள்வி கேளுங்கள். அதே கடினத்தில் இன்னொரு பகுதியை அவர்களே வாசிக்கட்டும், ஐந்து கேள்வி. கேட்டதில் தெளிவான பதிலும், வாசித்ததில் தடுமாற்றமும் இருந்தால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டுக்கு முறையாகச் சோதிக்க அனுப்புங்கள். இது நோய் கண்டறிதல் ஆகாது, அனுப்ப ஒரு காரணம், அவ்வளவே. கவனக்குறைபாடு, துறுதுறுப்பு என்றால் 12 வயதுக்கு முன்பே இருந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். அண்மையில்தான் தொடங்கியது என்றால் தூக்கம், பதற்றம், சோர்வு ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும்.

இதை ஏன் மனநலப் பகுதியில் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், "நான் மக்கு" என்ற முடிவோடுதான் இந்தப் பிள்ளைகள் வெளியே வந்திருக்கிறார்கள். அந்த முடிவு மாறாமல் வேறு எதுவும் மாறுவதில்லை. பாராட்டினால் மாறாது, பாராட்டை அவர்கள் இரக்கம் என்றே எடுத்துக்கொள்வார்கள். கையால் செய்து, சரியாக வந்து, தானே பார்த்தால் மாறும். பத்தில் எட்டு சரியாக வரும் அளவுக்குப் பணியை வெட்டிக் கொடுங்கள். பத்துக்குப் பத்து வந்தால் "சின்னப் பிள்ளை வேலை" என்று தோன்றும், ஐந்துதான் வந்தால் பழைய வகுப்பறை திரும்பிவரும். எட்டு வயதுப் பிள்ளையின் பாடநூலைப் பதினாறு வயதுக்காரரிடம் நீட்டாதீர்கள். எளிய மொழியில், வயதுக்கேற்ற விஷயம் வேண்டும்: விண்ணப்பப் படிவம், வண்டிக் கையேடு, விளையாட்டுச் செய்தி.

#8 வழித்துணை

தூக்கம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். நாள் குலைவது அங்கேதான் தொடங்கும்.

பதின்வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகும். காலையில் எழுப்பப் பள்ளி இல்லையென்றால் சில வாரத்தில் விடியற்காலை 4 மணித் தூக்கம், பகல் 1 மணி விழிப்பு என்று ஆகிவிடும். அப்புறம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மற்றவர்கள் தூங்கும் நேரம். "சீக்கிரம் படு" என்று சொல்லிப் பயனில்லை, தூக்கம் வராது. எழும் நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும். இப்போது 1 மணிக்கு எழுகிறார் என்றால் முதல் மூன்று நாள் 12:30, அடுத்த மூன்று நாள் 12. எழுந்த அரை மணிக்குள் வெளிச்சத்தில் இருபது நிமிடம். பகல் தூக்கம் வேண்டாம். விடுமுறை நாளிலும் இதே நேரம். 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் இந்த வயதுக்குத் தேவை, அதைக் குறைத்து ஒழுங்கு கொண்டுவர முயலாதீர்கள். 1 மணியிலிருந்து ஒரே நாளில் 6 மணிக்கு இழுத்தால் நாலாம் நாள் எல்லாம் சரிந்துவிடும், "என்னால முடியாது" என்பதற்கு இன்னொரு சாட்சியும் சேரும்.

அதற்கு மேல் செயல். "மனசு வந்தால் செய்வேன்" என்று அவர்கள் சொல்வார்கள். சோர்வில் அது தலைகீழ்: செய்தால்தான் மனசு கொஞ்சம் வரும். ஒரு தாளில் மூன்று நெடுவரிசை: என்ன செய்தேன், செய்வதற்கு முன் மனநிலை 0 முதல் 10-க்குள் எவ்வளவு, செய்த பின் எவ்வளவு. வாரத்துக்கு மூன்று செயல் போதும். ஒன்று உடல் அசைவது, ஒன்று இன்னொரு மனிதரோடு, ஒன்று முடித்தால் கையில் ஏதாவது மிஞ்சுவது. நாளும் நேரமும் குறிக்காத செயல் நடக்காது. "நடைப்பயிற்சி" என்று எழுதாமல் "செவ்வாய், வியாழன், மாலை 5 மணி, சேகருடன், 15 நிமிடம்" என்று எழுதுங்கள். நடக்கவில்லை என்றால் பாதியாக வெட்டுங்கள், கேள்வி கேட்க வேண்டாம். மனநிலை 3-லிருந்து 4 ஆனதை அவர்களே படித்துச் சொல்லட்டும்.

#9 தாழ்வாரம்

பெற்றோர் பக்கம் கொஞ்சம் பேசலாங்க. அவங்களும் துக்கத்துலதான் இருக்காங்க. அதைக் கேட்க யாருமில்லாதபோது அது திட்டா வெளிய வரும். பிள்ளையைப் பார்க்கப் போற நாள்ல பத்து நிமிஷம் அவங்களுக்குத் தனியா ஒதுக்குங்க.

அவங்ககிட்ட "திட்டாதீங்க"ன்னு மட்டும் சொன்னா மௌனமாயிடுவாங்க. திட்டைவிட அந்த மௌனம் பிள்ளையை அதிகமா வாட்டும். மாத்துச் சொல் கொடுங்க. "என்னதான் பண்ணப்போற?"க்குப் பதிலா "இந்த வாரத்துல எது கொஞ்சம் பரவாயில்லாம இருந்துச்சு?" பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பீடு முழுசா நிறுத்தணும், பேர் சொல்லாத ஒப்பீடும் சேர்த்து. எதிர்காலம் பத்தின பேச்சை வாரத்துல ஒரு நாள், அரை மணி நேரம்னு கட்டிப்போடுங்க. மத்த நாள் அந்தப் பேச்சு வராதுன்னு தெரிஞ்சாத்தான் பிள்ளை அறையை விட்டு வெளிய வரும்.

செல்போனைப் பிடுங்கறது நிறைய வீட்டுல முதல் தண்டனை. மிச்சமிருக்கிற நண்பர்கள் அதுக்குள்ளதான் இருக்காங்கன்னா, கடைசி நூலையும் நாமே அறுத்ததா ஆகும். ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல பொது அறையில வைக்கிறதுன்னு பேசி முடிவு பண்ணலாம், பெரியவங்க போனும் அங்கேயே.

உறவுக்காரங்க "எந்த வகுப்பு படிக்கிற?"ன்னு கேட்பாங்கன்னு பயந்தே வெளிய வராத பிள்ளைங்க இருக்காங்க. ஒரு வரி பதிலை ஒத்திகை பாருங்க: "இப்போ இடைவெளி எடுத்திருக்கேன், வேலை கத்துக்கிறேன்." பெற்றோரும் அதே வரியைச் சொல்லணும். ஆளுக்கொரு பதில் சொன்னா பிள்ளை மறுபடியும் ஒளிஞ்சுக்கும்.

#10 எழுத்தாணி

திரும்பப் பள்ளிக்குப் போவது பற்றி யாரும் பேசவில்லையே. மனநலத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் ஒத்திப்போடுவது எனக்கு ஏற்புடையதல்ல. பயத்தால் விலகியவருக்கு, விலகி இருக்கும் ஒவ்வொரு வாரமும் பயம் பெரிதாகிறது.

#11 வழித்துணை

ஒப்புக்கொள்கிறேன், பயத்தால் விலகியவருக்கு. கிறிஸ்டோபர் கெர்னி என்ற உளவியலாளர் பள்ளியைத் தவிர்ப்பதற்கு நான்கு நோக்கம் சொல்கிறார்: அங்கே வரும் பதற்றத்தையும் மனச்சங்கடத்தையும் தவிர்க்க, மற்றவர்கள் எடைபோடும் தருணங்களிலிருந்து தப்ப, வீட்டில் நெருக்கமானவரின் கவனத்துக்காக, வெளியே கிடைக்கும் இன்பத்துக்காக. முதல் இரண்டுக்கும் ஏணிப்படி முறை. விடுமுறை நாளில் வாசல் வரை, பிறகு பள்ளி நேரத்தில் வாசல் வரை, ஓர் ஆசிரியரோடு காலி அறையில் 20 நிமிடம், ஒரு பாடவேளை, அரை நாள். பயத்தை 0 முதல் 10-க்குள் கேளுங்கள், உச்சத்தில் இருக்கும்போது கிளம்பாதீர்கள், பாதியாக இறங்கும்வரை அங்கேயே இருங்கள். அதே படியை இரண்டு மூன்று முறை ஏறிய பிறகு அடுத்தது.

ஆனால் அடித்த ஆசிரியரும் கேலி செய்த கூட்டமும் அங்கேயே இருந்தால் ஏணி வைக்காதீர்கள். அந்தப் பயம் சரியான பயம். முதலில் பள்ளி மாற வேண்டும், அல்லது பள்ளியை மாற்ற வேண்டும். இழுக்கப்பட்டவருக்கும் இந்த ஏணி பொருந்தாது. அவருக்குத் தேவை வேலையோடு ஒத்துப்போகும் படிப்பு நேரம்.

#12 ஏழாம்படி

வேலைக்குப் போற பிள்ளைங்க பத்தி ஒரு வார்த்தை. வேலை மனசுக்கு நல்லதா கெட்டதான்னு பொதுவாச் சொல்ல முடியாது. வழித்துணையோட ஐந்தையும் அந்த வேலை தருதான்னு பாருங்க. சக ஆளுங்க இருக்காங்களா, ஒண்ணு கத்துக்கிறாங்களா, நேரத்துக்கு வீடு திரும்புறாங்களா? தனியா ஒரு மூலையில 12 மணி நேரம்னா பள்ளியை விட்ட இழப்பு அப்படியேதான் இருக்கும், களைப்பு மட்டும் கூடும். வயசுக்கு மீறின, ஆபத்தான வேலைன்னா அது ஆலோசனை விஷயமே இல்ல, குழந்தைப் பாதுகாப்பு ஆட்களுக்குத் தெரியப்படுத்தணும்.

நூல்முனை, உங்க திட்டத்துல எனக்கு உறுத்துறது அந்த மூணு மாசம். மினசோட்டா பல்கலைக்கழகத்துல 1990-ல தொடங்கின "செக் அண்ட் கனெக்ட்"ங்கிற இடைநிற்றல் தடுப்புத் திட்டத்துல, பிள்ளையோட பழகுற வழிகாட்டி குறைஞ்சது ரெண்டு வருஷம் கூட இருக்கணும்னு விதி. ஏற்கெனவே கைவிடப்பட்டதா நினைக்கிற பிள்ளைகிட்ட நெருங்கி, பன்னிரண்டாவது வாரம் காணாமப்போனா, தொடாமலே இருந்திருக்கலாம். மூணு மாசம்தான் முடியும்னா முதல் நாளே காலண்டர்ல கடைசித் தேதியைக் காட்டுங்க. எட்டாவது வாரத்துல அடுத்து பார்க்கப்போற ஆளைக் கூட்டிட்டு வாங்க, கடைசி நாலு சந்திப்பும் மூணு பேரா நடக்கட்டும். வர முடியாத வாரம் முன்கூட்டியே சொல்லுங்க, வேற நாள் குறிச்சுட்டுத்தான் சொல்லணும்.

#13 நூல்முனை

காலத்தை நீட்ட முடியுமா என்று குழுவில் பேசுகிறேன். ஒப்படைப்பு முறையைக் கட்டாயம் சேர்க்கிறோம். கடைசியாக ஒன்று: முன்னேற்றம் என்று எதைக் கணக்கில் எடுப்பது? நிதி தருபவர்கள் "எத்தனை பேர் திரும்பச் சேர்ந்தார்கள்?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

#14 இரவுப்பணி

டபிள்யூ.எச்.ஓ-5 தொடக்கத்தில், 6-வது வாரத்தில், 12-வது வாரத்தில். 100-க்கு 10 புள்ளி மாறினால் அது கணக்கில் கொள்ளத்தக்க மாற்றம். 6-வது வாரத்தில் அசைவே இல்லை, அல்லது இறங்கியிருக்கிறது என்றால் 12 வரை காத்திருக்காமல் அனுப்புங்கள். அதோடு எழும் நேரம், வாரத்தில் வெளியே போன நாட்கள், வீட்டார் தவிரப் பேசிய ஆட்கள் என மூன்று எண்கள். சேர்க்கைக் கணக்கோடு இவற்றையும் அறிக்கையில் வையுங்கள்.

#15 ஏழாம்படி

இன்னொரு கட்டமும் சேர்த்துக்கோங்க: "மறுத்தது." தொடக்கத்துல இந்தப் பிள்ளைங்க நாம சொல்ற எல்லாத்துக்கும் "சரி"ன்னு தலையாட்டிட்டு ஒண்ணும் செய்ய மாட்டாங்க. உங்க முகத்தைப் பார்த்து "இது எனக்குச் சரிப்படாது"ன்னு சொல்லிட்டு, அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்தா, தேதி போட்டு எழுதி வைங்க. நான் பார்க்கச் சொல்ற முதல் மாற்றம் அதுதான்.